காலத்தின் முன் இட்ட குறி

கதை எழுதிப் பழகாத நான் இதை எழுதத் துணிந்ததைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

கருந்துளைக்குள் விழுந்த எதுவும் அழிவதில்லை என்ற நிரூபணத்தைப் பேராசிரியர் தேவசகாயமும் அவரிடம் பயின்ற சௌந்தரவல்லியும் ஆளுக்குப் பாதியாக ஒன்பது ஆண்டுகள் எழுதினர். இதழுக்கு அனுப்பவிருந்த காலையில் சௌந்தரவல்லி இரு பாதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"சார், சமன்பாட்டுல காலத்துக்கு முன்னாடி நீங்க மைனஸா போடுவீங்க?"

"எப்பவும் அப்படித்தாம்மா. ஏன்?"

"நான் பிளஸ் போடுவேன் சார்."

தனித்தனியே இரண்டும் சரியான வழக்கங்களே. ஒரே குறிக்கு மாற்றியதும், ஒன்றையொன்று நீக்க வேண்டிய இரண்டு உறுப்புகள் கூடி நின்றன. நிரூபணம் இல்லாமற்போயிற்று.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"உங்களைப் போய் எப்படி சார் கேக்கறது?"

சௌந்தரவல்லிக்கு அழுகை வரவில்லை. ஆறிய தேநீரைக் குடித்து முடித்தார்.

போனவை: ஒன்பது ஆண்டுகள், பதினான்கு நோட்டுகள், அவர் போகாமல் விட்ட தங்கையின் திருமணம்.