பென்சிலில் தேய்த்த கையெழுத்து

பழைய சிலையொன்றில் சிற்பி பொறித்த கையெழுத்தின் மேல் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி அது. அம்பத்தூரில் வார்ப்புப் பட்டறை வைத்திருந்த ஜெயபாலிடம் அதை நீட்டினாள் ஞானசௌந்தரி.

“அப்பாவோட எம்பத்தேழாம் வருஷ டைரியில இருந்துச்சுண்ணே. யார் செஞ்ச சிலைன்னு தெரியணும்.”

ஜெயபாலுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“இந்த வளைஞ்ச வாலைப் பாரும்மா. பிரான்ஸ்காரர் மொர்வான் இப்டிதான் போடுவாரு. ஓரம் மழுங்கலா கீது பாத்தியா? மெழுகுலயே எழுதிட்டு, அப்பால வெண்கலம் ஊத்திகீறாரு. போலின்னா உளியால வெட்டுவானுங்க, ஓரம் கூரா இருக்கும். இது அசலு!”

“நல்ல விலை போகுமாண்ணே?”

“றெக்க நுனி மட்டும் ஒடையாம இருந்தா எங்கியோ போயிருக்கும்மா!”

ஞானசௌந்தரி தாளைத் திரும்ப வாங்கி மடித்தாள். அது சம்மனசு சிலை, றெக்கையுள்ள தேவதூதர் சிலை என்றே அவள் சொல்லவில்லை. அப்பாவைக் கொன்று யாரோ சிலையைத் தூக்கிப்போன அன்று, உடைந்த றெக்கை நுனியைப் போலீஸ் எடுத்தது அவர் மண்டையிலிருந்துதான்.