ஐந்தாம் அறைக் கதவு

கெராசிம் இரும்புக் கதவின் கைப்பிடியில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்குகிறான். அப்பாலிருந்து யாரோ அதை வெறிகொண்டு நெம்புகிறார்கள். பாரென்ட்ஸ் கடலில் நூற்றிருபது மீட்டர் ஆழத்தில் நிற்கிறது இந்த அணு நீர்மூழ்கி. நான்காம் அறையில் பதினாறு ஏவுகணைகள், ஐந்தாம் அறையில் தீ, நடுவே இந்த ஒரே கதவு. பதினோரு வருஷ ரோந்தில் ஒரு தடவைகூட வெடிக்காத ஏவுகணைகள், கதவு திறந்தால் இன்றைக்கு வெடிக்கும். எரிகிற அறையைப் பூட்டு, எவன் கதறினாலும் திறக்காதே என்பது இங்கே முதல் நாளே மண்டையில் அடித்து ஏற்றுகிற சட்டம். சிவப்பு விளக்கு துடிக்கிறது. அப்பால் ஸ்பானர் அடிக்கிற அடியில் கதவின் பெயிண்ட் உதிர்கிறது. "திறடா கழுதை! உங்கப்பன் வீட்டுக் கதவா இது?" சமையல்காரன் ஸவேலியின் குரல். "உன் முட்டைக்கோஸ் சூப்பை இனிமே குடிக்க வேணாம்னுதான்டா பிடிச்சிட்டிருக்கேன்!" என்று கெராசிம் கத்துகிறான். கூட இருக்கும் எலக்ட்ரீஷியன் லுக்கியான் பின்னாலிருந்து பாய்ந்து அவன் கழுத்தை நெரிக்கிறான். "அண்ணே, ஸவேலி நம்மாளுண்ணே! ஒரே நிமிஷம் திறண்ணே!" கெராசிமின் முழங்கை அவன் வாயில் இறங்குகிறது. பல் உடைகிற சத்தம். மறுபடி எழுந்து வருகிறவனை நெஞ்சில் உதைத்துத் தள்ளுகிறான். ரத்தத்தில் கைப்பிடி வழுக்குகிறது. பெல்ட்டை உருவி மணிக்கட்டைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறான். அப்பால் ஸ்பானர் கீழே விழுகிற ஓசை. "அண்ணே... கால்ல விழறேண்ணே..." ஸவேலி அழுகிறான். நெம்பல் மெல்ல நிற்கிறது. கெராசிம் தலையைக் கதவில் சாய்க்கிறான். அவன் சட்டையின் முதுகில் தீப்பற்றிக்கொள்கிறது. அழுகிறவன் நிற்பது ஏவுகணை அறையில். தீ இருப்பது இந்தப் பக்கம்.