முன் அனுபவம்

"எட்டி சுப்பு, அதுல என் பேரை இழுத்தேன்னா பாத்துக்கோ!"

உள்ளறைக் கட்டிலிலிருந்து வடிவம்மாளின் குரல் வந்தது. கூடத்தில் பயோடேட்டா எழுதிக்கொண்டிருந்த மகள் சுப்பு பேனாவை டக்கென்று கீழே வைத்தாள். எம்.ஏ. படிக்கிறவள். காலேஜ் பேச்சுப்போட்டியில் எதிரணிக்காரனை அழவைத்தவள் என்று பெயர். அம்மாவிடம் மட்டும் இதுவரை ஜெயித்ததில்லை.

பயோடேட்டா அவளுக்கல்ல, அண்ணன் மனைவி நாச்சியாருக்கு. தம்பானூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்க ஆள் எடுக்கிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி. போதும். ஆனால் மூன்று வருஷ அனுபவம் வேண்டும். அண்ணன் தாணுமாலையன் வேலைபார்த்த மில் பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

"அனுபவத்துக்கு நான் எங்க போவேன்? விட்டுரு சுப்பு" என்றாள் நாச்சியார்.

"மூணு வருஷமா எங்கம்மையைப் பாக்கியளே மைனி, அது என்னவாம்?"

"அது வீட்டு வேலையில்லா?"

"அங்கதான் தப்பு! வெளியில செஞ்சா உத்தியோகம், வீட்டுல செஞ்சா சும்மாவா? எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சட்டம் கெடக்கட்டும்" என்றான் தாணுமாலையன், விரித்த பேப்பருக்குப் பின்னாலிருந்து. "இவ போயிட்டா அம்மையை யாரு பாப்பா?"



குளியலறையில் விழுந்த நாளிலிருந்து வடிவம்மாளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வீட்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. அடுத்த வீட்டு சரசம்மா கேட்டால், "காலுல லேசா ஒரு பிடிப்பு. நாளைக்கு நடந்திருவேன்" என்பாள். யாராவது வருகிற சத்தம் கேட்டால் போதும். நாச்சியார் ஓடிவந்து தலையணை அண்டக்கொடுத்து உட்காரவைத்து, மடிப்புக் கலையாத நேரியதைத் தோளில் போட்டு, கட்டிலுக்கடியில் இருக்கும் பாத்திரத்தைக் காலால் உள்ளே தள்ள வேண்டும். 'நோயாளி' என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் அனுமதியில்லை.

ஆகவே சுப்பு யோசித்து யோசித்து, யார் மனமும் நோகாத அழகான இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தாள்.

"என்ன எழுதியிருக்க? இங்க வந்து தமிழ்ல சொல்லு."

சுப்பு போய்ச் சொன்னாள். "வயதான ஓர் அம்மாளுக்கு அன்றாட அலுவல்களில் உதவியாக இருந்தார்."

"இதுக்கு வேலை குடுப்பானா?"

"சந்தேகந்தான்."

"அப்ப அடிச்சுப் போடு."

சுப்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா? ஒன் கௌரவத்துக்காக மைனி காலம் பூரா இந்த அறைக்குள்ளயே கெடக்கணுமா? ஒம்பேரைக்கூட நான் போடல்லியே! இவ்வளவு செஞ்சவளுக்கு ஒத்த வரி எழுதக்கூடாதா?"

"நிறுத்துட்டி. உதவியாம், உதவி! சரசம்மா முருங்கைக்காய் குடுத்தனுப்புகாளே, அது உதவி. இவ பீ மூத்திரம் அள்ளினா. ராத்திரி ராத்திரி எந்திரிச்சு என்னைப் பொரட்டிப் போட்டா. நீ குறட்டை விட்டுக்கிட்டுக் கெடந்த. வந்து பாரு, இந்த முதுகுல ஒரு புண்ணு உண்டுமா? அதுக்கெல்லாம் ஒன் இங்கிலீஷ்ல வார்த்தை கெடையாதா?"

சுப்பு கூடத்துக்குப் போய்த் தாளையும் பேனாவையும் எடுத்துவந்தாள்.

"எழுது. எழும்ப முடியாத நோயாளி. பேரு வடிவம்மாள். முழு விலாசமும் போடு. நம்பிக்கையில்லைன்னா வந்து பாத்துட்டுப் போகட்டும்."

வாசற்படியில் நின்ற நாச்சியார் பதறினாள். "அத்தே, தெருவுக்கெல்லாம் தெரிஞ்சிருமே!"

"தெரியட்டும்."

நாச்சியார் கட்டிலருகே வந்து, கலையாமல் இருந்த போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். முகத்தைக் காட்டவில்லை.

வடிவம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். "எப்ப வந்து சேர முடியும்னு என்ன போட்டிருக்க?"

"ஒரு மாசம் கழிச்சுன்னு. ஒன்னைப் பாக்க ஆள் தேடாண்டாமா?"

"ஆளு எதுக்கு? நாளைக்கேன்னு போடு" என்றவள், கூடத்தில் விரிந்திருந்த பேப்பரைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"அங்க ஒருத்தன் வெறுதே இருக்கானே, அவனுக்கும் கொஞ்சம் எக்ஸ்பீரியன்ஸ் ஆகட்டும்!"