சிங்கி இறால் இருக்கா?

"மேலே 'அசல் கியூபா சாப்பாடு'ன்னு கொட்டை எழுத்துல போட்டுட்டு, உள்ளே பீட்சா, ஸ்பாகெட்டின்னு அடுக்கினா பார்க்கிறவன் சிரிக்கமாட்டானாக்கா?"

யோஸ்வானி கேட்டதில் நியாயம் இருந்தது. வரதேரோ கடற்கரை ஹோட்டலில் பல வருஷம் பரிமாறிவிட்டு, இப்போதுதான் ஹவானாவுக்குத் திரும்பி, அக்கா ஓடாலிஸின் சின்னக் கடையில் கூட்டுச் சேர்ந்திருந்தான். முதல் வேலையாகப் புது மெனு அட்டை போட உட்கார்ந்தான்.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பீட்சா போனது, ஸ்பாகெட்டி போனது. கறுப்பு பீன்ஸ் சோறு, வறுத்த பன்றிக்கறி, பூண்டுச் சாறு ஊற்றிய மரவள்ளிக்கிழங்கு எல்லாம் ஏறின. கடைசி வரியில்தான் முரண்டு பிடித்தாள்.

"சிங்கி இறால் குழம்பு இருக்கட்டும்."

"நம்ம கடையில ஒருநாளாவது அது இருந்திருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்டா."

மெனுவில் உள்ளதெல்லாம் கிடைக்கும் என்று ஹவானாவில் யாரும் நம்பி உட்காருவதில்லை, அது வேறு. அதற்காக என்றைக்குமே சமைக்காததை, அதுவும் இருப்பதிலேயே விலை கூடியதை எழுதி வைப்பார்களா? அக்காவுக்குப் பவிசு காட்டும் ஆசை வந்துவிட்டது என்று தம்பி நினைத்தான். நீங்களும் நானும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

அதைவிட அவன் வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணம், எவெலியோ வாத்தியார். அதே தெருவில் தனியாக இருப்பவர். ஓய்வு பெற்று ரொம்ப நாளாகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து ஜன்னலோரம் உட்காருவார். மெனுவை மேலிருந்து கீழே வாசிப்பார். வாசித்துவிட்டு சிங்கி இறால்தான் கேட்பார். இல்லை என்றால், வேறு எதுவும் தொண்டையில் இறங்காது என்று எழுந்துவிடுவார். உடனே அக்கா ஓடிவந்து, தப்பு எங்க மேலதான் என்று மன்னிப்புக் கேட்டு, தட்டு நிறையச் சோறும் கறியும் வைத்து அவரை உட்காரவைப்பாள். அதற்குக் காசும் வாங்கமாட்டாள்.

பொய்யையும் எழுதிவிட்டு அதற்குத் தண்டமும் அழுவதா? யோஸ்வானிக்குப் பொறுக்கவில்லை. மெனுவில் இருந்தால் அடுப்பிலும் இருக்கணும் என்று கிளம்பினான். யாரைப் பிடித்தானோ, எப்படி வாங்கினானோ, ஹவானாவில் அதையெல்லாம் தோண்டிக் கேட்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பெரிய சிங்கி இறாலோடு வந்தான். அக்கா சந்தைக்குப் போயிருந்த நேரம், தக்காளியும் குடமிளகாயும் வதக்கிப் போட்டு அவனே குழம்பு வைத்தான். வாசம் தெருமுனை வரைக்கும் போயிருக்கும்.

மத்தியானம் வாத்தியார் வந்து உட்கார்ந்தார். மெனுவை வாசித்தார்.

"சிங்கி இறால் இருக்கா தம்பி?"

"இருக்கு வாத்தியாரே. சுடச்சுட இருக்கு."

இத்தனை நாள் கேட்டது கிடைத்தால் மனுஷன் சந்தோஷப்பட வேண்டாமா? வாத்தியார் முகம் செத்துப்போனது. காலையிலிருந்து வயிறு சரியில்லை என்று என்னவோ முணுமுணுத்துக்கொண்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

அந்த நேரம் பார்த்துப் பையும் கையுமாக உள்ளே வந்தாள் ஓடாலிஸ். குழம்பு வாசத்தையும் வாத்தியார் முகத்தையும் பார்த்தவள், பையைப் பொத்தென்று கீழே வைத்தாள்.

"இவனுக்கு ஒண்ணும் தெரியாது வாத்தியாரே. அதை ஒருத்தர் முன்னாடியே சொல்லிவெச்சுட்டார். உங்களுக்கு இல்லாமப் போச்சு. மன்னிச்சு உட்காருங்க, வேற ஏதாவது கொண்டு வர்றேன்."

"இன்னிக்கும் இல்லையா?" வாத்தியாருக்கு உயிர் வந்தது. "என்ன கடை நடத்துறே மகளே" என்று சலித்துக்கொண்டே நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சமையல்கட்டுக்குள் யோஸ்வானி குமுறினான். இல்லாதபோது இருக்கு என்று எழுதுகிறாய், இருக்கும்போது இல்லை என்கிறாய், உனக்கென்ன புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டான்.

ஓடாலிஸ் தட்டில் சோற்றைக் குவித்து, கறியில் நல்ல துண்டாகப் பார்த்து வைத்தாள்.

"பென்ஷன் பத்தாம அரை வயிறாக் கிடக்கிறாருடா. சும்மா குடுத்தா வாங்கமாட்டார். இருக்கிறதைக் கேட்டா காசு குடுக்கணும். அதான் அவர் கேக்குறதுக்குன்னு நம்மகிட்ட இல்லாத ஒண்ணை மெனுவுல வெச்சிருக்கேன்."