பிணத்தின் கை

உலகப் போர்க்கால உளவாளிகளைப் பற்றிய அந்தப் பழைய படத்தைத் திரைப்படச் சங்கத்தார் கேலி செய்வதற்காகவே போட்டார்கள். ஜெர்மன் தளபதிக்கு மீசை ஒருபக்கம் பிரிந்து தொங்க, அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. தெரேசம்மாள் நடித்த ஒரே படம் அது. கூட நடித்த கனகலதா தன்னை மறந்திருக்கமாட்டாள் என்ற ஆசையோடு, மடியில் ஜெபமாலையுடன் தெரேசம்மாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

திரையில், சுடப்பட்ட இரண்டு பெண் உளவாளிகள் மணலில் கிடந்தார்கள். காற்று கனகலதாவின் புடவையைத் தொடைவரை தூக்கியது. பக்கத்தில் பிணமாகக் கிடந்த தெரேசம்மாளின் கை மெல்ல நீண்டு அதை இழுத்து மூடியது.

“பொணத்துக்கு வெக்கத்தப் பாருடா! இன்னொரு தடவ போடுங்கய்யா!”

மறுபடியும் போட்டார்கள்.

படம் முடிந்ததும் சிறப்பு விருந்தினரான கனகலதா மைக்கைப் பிடித்தாள். இப்போது அவள் பெரிய நடிகை. “மறுபடி எடுக்க பிலிம் இல்ல, அப்படியே விட்டுட்டாங்க. பொணமா நடிச்ச அந்த மக்குப் பொண்ண அன்னைக்கே துரத்திட்டாங்க. பேருகூட ஞாபகமில்ல.”

வெளியேறும்போது அவளுடைய பட்டு முந்தானை கடைசி வரிசை நாற்காலியின் ஆணியில் மாட்டிக்கொண்டது. தெரேசம்மாள் குனிந்து அதைப் பிடித்தாள்.

“யாரும்மா நீ? புடவைய விடு!”

நூல் அறாமல் ஆணியிலிருந்து எடுத்த பிறகே தெரேசம்மாள் விட்டாள்.