அடுத்த பக்கத்தில் திருடன்

நான் வரைந்த முதல் படப்புத்தகத்தின் அட்டையில், ஓவியர் என்று பதிப்பாளர் இளம்பரிதி தன் பெயரைப் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, “சின்னப் புள்ளைங்க புக்குல பேரை யாரும்மா பாக்கப்போறாங்க?” என்றார். இரண்டாவதையும் வரைந்து கொடுத்தேன். புரட்டிக்கூடப் பார்க்காமல் மறுபடி தன் பெயரிலேயே அச்சடித்தார். வெளியீட்டு விழாவில், இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத அவருடைய நான்கு வயது மகளை மேடையேற்றி, படம் பார்த்துச் சொல்ல வைத்தார்கள். பெரிய திரையில் பக்கங்கள் மாறின. “பூனை” என்றாள், கைதட்டினார்கள். “மாம்பழம்” என்றாள். அடுத்தது மூட்டையோடு சுவரேறிக் குதிக்கும் திருடன். அந்த வழுக்கைக்கும் மூக்கோர மருவுக்கும் மட்டுமே எனக்கு மூன்று நாள் ஆகியிருந்தது. குழந்தை துள்ளிக் குதித்தாள்: “எங்கப்பா!” அரங்கமே சிரித்தது. அவர் மைக்கைப் பிடுங்கி, அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்: “எவ இதை வரைஞ்சா?”