குறைக்காத போட்டோ

"ஒரு துளிகூடக் குறைக்காதேப்பா செழியன். அவரோட போட்டோ அப்படியே முழுசா வரணும்."

கலாவதி நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள். திரையில் அவள் கணவர் கோபாலசாமி கோட்டு சூட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். தீபாவளி விழாவில் தமிழ்ச் சங்கத் தலைவர் தேர்தல். அவர் நிற்கிறார். சங்கத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது செழியன். மான்மவுத் ஜங்ஷன் என்ற அந்த அமெரிக்க ஊரில் கல்யாணமாகாமல் இருக்கும் பையனுக்கு வேறென்ன வேலை என்று எல்லோருமாகச் சேர்ந்து அதை அவன் தலையில் கட்டியிருந்தார்கள்.

"ஃபைல் ரொம்பப் பெரிசு ஆன்ட்டி. கம்ப்ரெஸ் பண்ணினா பத்துல ஒரு பங்கு ஆயிடும். பார்த்தா வித்தியாசமே தெரியாது."

"தெரியும். முகம் மங்கிடும்."

"எல்லார் வீட்லயும் போன் லைன்ல மோடம் போட்டுத்தான் நெட் பார்க்கறாங்க. இந்த சைஸ்ல போட்டா மேலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறங்கும். முதல்ல முடி, அப்புறம் நெத்தி. மூக்கு வர்றதுக்குள்ள வெறுத்துப் போய் க்ளோஸ் பண்ணிடுவாங்க. அது முழுசா வந்தாத்தான் கீழ அங்கிள் எழுதினதே தெரியும்."

"நடுவுல யாராவது போன் பண்ணிட்டா?"

"லைன் கட் ஆயிடும். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

கலாவதி சற்று யோசித்தாள். "பரவால்ல. அப்படியே போடு."

"அங்கிளை எதிர்த்து நிக்கற ராமசுப்ரமணியன் சாரோட போட்டோவைக் குறைச்சுத்தான் போட்டிருக்கேன். டக்குனு ஓப்பன் ஆகுது ஆன்ட்டி."

"அவர் எப்படியோ போகட்டும். இவர் போட்டோல கை வெக்காதே."

"அங்கிள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

"அவர் எங்க வீட்ல இருக்கார்? ஐசலின்ல கடை கடையா ஏறி எறங்கி ஓட்டுக் கேட்டுட்டு இருக்கார். நான் சொன்னா அவர் சொன்ன மாதிரிதான்."

புருஷன் முகத்தின் மேல் இவ்வளவு பெருமை வைத்திருப்பவளிடம் மோடத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது? செழியன் போட்டோவை அப்படியே ஏற்றினான்.

விழாவன்று ஸ்கூல் ஆடிட்டோரியத்தில் ஓட்டு எண்ணினார்கள். கோபாலசாமி தோற்றார். சும்மா தோற்கவில்லை, மண்ணைக் கவ்வினார். அவர் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களே அவருக்கு ஓட்டுப் போடவில்லை.

"உங்க பேஜைப் பார்க்கத்தான் சார் உக்காந்தேன்" என்றார் அந்தக் காரில் வந்த சேனாபதி, கையில் சாம்பார் சாதத் தட்டோடு. "நெத்தி வரைக்கும் வந்தீங்க. அதுக்குள்ள மச்சான் போன் பண்ணிட்டான். ராமசுப்ரமணியன் என்ன செய்யப்போறார்னு தெளிவா எழுதியிருந்தார். நீங்க என்ன செய்யப்போறீங்கன்னுதான் யாருக்குமே தெரியல."

கோபாலசாமி செழியனை ஒரு முறை முறைத்துவிட்டுக் காரை எடுக்கப் போனார்.

செழியன் வாசலில் நின்ற கலாவதியிடம் ஓடினான்.

"ஸாரி ஆன்ட்டி. உங்களுக்குப் புரியற மாதிரி நான் சொல்லியிருக்கணும்."

"நல்லாத்தானேப்பா சொன்னே. நெத்தியோட நின்னுடும், போன் வந்தா கட் ஆயிடும், எழுதினதை யாரும் படிக்க மாட்டாங்கன்னு. எல்லாம் புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் ஆன்ட்டி அப்படியே போடச் சொன்னீங்க?"

"அவர் சங்கத்துல செக்ரட்டரியா இருந்தப்பவே சனி ஞாயிறுல அவர் முகத்தை நான் முழுசாப் பார்த்ததில்ல. தலைவராயிட்டா நான் எங்க போய்ப் பார்க்கறது?"

வெளியே கார் ஹார்ன் அடித்தது. கலாவதி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

"அடுத்த வருஷமும் நிக்கப்போறாராம் செழியன். இதைவிடப் பெரிய போட்டோவா ஒண்ணு எடுத்துத் தர்றேன்."